நேரச் சீட்டு சொல்லும் வரிசை

"வண்டியில இன்னும் கொஞ்சம் இழுவை வேணும்ணே" என்று கேட்டு ஷெட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பட்டியலோடுதான் வருகிறார்கள். ரீமேப், கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், காசு இடம் கொடுத்தால் பெரிய டர்போ. இப்போது அந்தக் கார் கால் மைலை எத்தனை விநாடியில் ஓடுகிறது, முடிவுக் கோட்டைத் தாண்டும்போது என்ன வேகம் என்று கேட்டால் பதில் வராது. இந்த இரண்டு எண்களும் தெரியாமல் வாங்கும் எந்தப் பாகமும் குருட்டுச் செலவு. எதை முதலில் மாற்றுவது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தொடவே கூடாது என்று கடைக்காரரும் நண்பர்களும் சொல்வதைவிட டிராக்கில் அச்சாகி வரும் நேரச் சீட்டு நேர்மையாகச் சொல்லும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2013-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1,197 சிசி டர்போ பெட்ரோல் என்ஜின், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ். 2020-இல் அதன் இடத்துக்கு 110 பிஎஸ் தரும் 1.0 லிட்டர் டிஎஸ்ஐ வந்தது. 2022-இல் போலோவே இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றது. ஆனாலும் பழைய கார் சந்தையில் அதற்கு மவுசு குறையவில்லை. வாரநாளில் அலுவலகம், வாய்ப்புக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை டிராக் என்று ஒரே காரில் இரண்டையும் செய்ய நினைப்பவருக்கு இது நல்ல அடித்தளம். உங்களிடம் இருப்பது வேறு கார் என்றாலும் கணக்கு இதேதான்.

எங்கே ஓட்டுவது

இதைத் தீர்மானிக்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். சென்னையில் இதற்கென்று ஒரு மரபு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் கைவிடப்பட்ட சோழவரம் ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய தடம் 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதியோடு நடக்கும் டிராக் போட்டிகளில் ஆம்புலன்ஸ் நிற்கும், தீயணைப்பு ஆட்கள் இருப்பார்கள், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். ஈசிஆரிலோ ஓஎம்ஆரிலோ இரவு ஒரு மணிக்குப் போட்டி போட்டால், பால் வண்டியில் வரும் ஒருவர் தன்னைக் கேட்காமலேயே உங்கள் பந்தயத்துக்குள் வந்துவிடுகிறார். அதற்கு உதவும் எதையும் இந்த நூலில் எழுதவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர் தலையில் வைத்தது. ஆகவே முதல் நாளே முடிவெடுங்கள். நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓடும் காரா, ட்ரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகும் காரா? பெரிய டர்போ, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப், வேறு என்ஜின் எல்லாம் இரண்டாவது வகைக்கு உரியவை. இந்த அத்தியாயம் முதல் வகையைப் பற்றியது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் கிளெய்மை நிராகரிக்கக் காரணமாகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சீட்டைப் படிப்பது

கால் மைல் என்பது 402 மீட்டர். புறப்படும் இடத்தில் இரண்டு ஒளிக்கற்றைகள் இருக்கும். முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தால் ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு எரியும், இரண்டாவதை மறைத்தால் ஸ்டேஜ் விளக்கு. ஓட்ட நேரத்தின் கடிகாரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. உங்கள் சக்கரம் இரண்டாவது கற்றையை விட்டு விலகும்போதுதான் அது தொடங்கும். பச்சைக்கும் நீங்கள் நகர்வதற்கும் இடையிலான தாமதம் எதிர்வினை நேரம் என்று தனியாக வரும். பக்கத்து வண்டியிடம் தோற்றதற்கு அது காரணமாக இருக்கலாம். காரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

காரைப் பற்றிப் பேசும் எண்கள் மூன்று: முதல் 60 அடியைக் கடந்த நேரம், மொத்த ஓட்ட நேரம், முடிவுக் கோட்டு வேகம். 60 அடி நேரம் பிடிமானத்தையும் புறப்பாட்டையும் காட்டும். முடிவு வேகம் பவரையும் எடையையும் காட்டும். மொத்த நேரத்தில் எல்லாம் கலந்திருக்கும். புதியவர்கள் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு சீட்டைச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது முடிவு வேகத்தை. மோசமாகப் புறப்பட்டாலும் அந்த எண் பெரிதாக மாறாது என்பதால் என்ஜினின் உண்மை நிலை அதில்தான் தெரியும்.

அமெரிக்க டிராக் உலகில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு சூத்திரத்தை நம் அளவுகளுக்கு மாற்றித் தருகிறேன். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடையை (கிலோ) பவரால் (பிஎஸ்) வகுத்து, அதன் கனமூலத்தை எடுங்கள். அதை 7.6-ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் விநாடியில் வரும். 288-ஐ அந்தக் கனமூலத்தால் வகுத்தால் முடிவு வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். நம் போலோ ஓட்டுநரோடு சுமார் 1,180 கிலோ. 1,180-ஐ 105-ஆல் வகுத்தால் 11.24, அதன் கனமூலம் 2.24. ஆக 17 விநாடி, 129 கிலோமீட்டர் வேகம். ஆரோக்கியமான, கை வைக்காத காரிடம் எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய இதுதான்.

இனி இரண்டு சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 17.6 விநாடி, 128 கிலோமீட்டர். இன்னொன்றில் அதே 17.6 விநாடி, ஆனால் 123 கிலோமீட்டர். நேரம் ஒன்றுதான், நோய் வேறு. முதல் காரில் பவர் முழுதாக இருக்கிறது. புறப்பாட்டில் அரை விநாடிக்கு மேல் தொலைத்திருக்கிறது. அதற்குத் தேவை டயரும் பயிற்சியும். இரண்டாவது காரை அதே சூத்திரத்தில் திருப்பிப் போட்டால் 92 பிஎஸ்தான் வேலை செய்கிறது. 13 பிஎஸ் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. தேய்ந்த பிளக், பலவீனமான காயில், விரிசல் விட்ட பூஸ்ட் குழாய், அடைத்த ஃபில்டர், மிஞ்சிய சூடு என்று தேட வேண்டும். அந்தக் காருக்கு ரீமேப் போடுவது காய்ச்சலில் இருப்பவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போன்றது.

டிராக் நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை டிராகி போன்ற ஜிபிஎஸ் கருவி உதவும். ஆனால் அதையும் மூடப்பட்ட தடத்தில்தான் பயன்படுத்த வேண்டும். ஒரே ஓட்டத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஒரே நாளில், அதே பெட்ரோலில், அதே டயர் காற்றழுத்தத்தில் சில ஓட்டங்கள் ஓடி, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை காத்திருங்கள். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஃபில்டரையும் டயரையும் பிளக்கையும் ஒரே வாரத்தில் மாற்றியவருக்கு எது பலித்தது என்று ஒருபோதும் தெரியாது.

முதல் 60 அடி

அதிக நேரம் சேமிக்கக் கிடைப்பதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இந்த இடம்தான். 60 அடியில் சேமித்த பத்தில் ஒரு விநாடி, கால் மைல் முடிவில் ஒன்றரை மடங்காகவோ இரண்டு மடங்காகவோ திரும்பி வரும்.

போலோ முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார். புறப்படும்போது எடை பின்னால் சாயும். அதாவது, இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல் பாரம் குறையும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம். நின்றிருக்கும்போது முன் அச்சின் மேல் ஏறக்குறைய 60 விழுக்காடு, சுமார் 710 கிலோ. எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில், அச்சுகளுக்கிடையே 2.46 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.45 ஜி முடுக்கத்தில் கிட்டத்தட்ட 120 கிலோ பின்னால் போய்விடும். முன்னால் மிஞ்சுவது 590. சாதாரண டயரின் பிடிமானக் கெழு 0.9 என்றால், அந்த 590 கிலோவால் 1,180 கிலோ காரை 0.45 ஜிக்கு மேல் இழுக்க முடியாது. பவர் எத்தனை கூடினாலும் இந்தச் சுவர் அசையாது, டயர்தான் புகையும். 60 அடி நேரம் 2.5 விநாடிக்குக் கீழே இறங்க மறுக்கும். அதே காரில் கெழு 1.1 தரும் மென்மையான ரப்பர் போட்டால் 0.53 ஜி, சுமார் 2.3 விநாடி. ஒரு பிஎஸ் கூட்டாமல் 0.2 விநாடி இங்கே, 0.3-க்கு மேல் முடிவில். அதனால்தான் என் வரிசையில் டயர் ரீமேப்புக்கு முன்னால் நிற்கிறது.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள ட்ரெட்வேர் எண்ணைப் பாருங்கள். எண் குறைந்தால் பொதுவாக ரப்பர் மென்மை, பிடிமானம் அதிகம், ஆயுள் குறைவு. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23ஆம் வாரம். பழைய ஸ்டாக் டயரின் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், தள்ளுபடிக்கு மயங்காதீர்கள். அழகுக்காக 17 அங்குல அலாய் வேண்டாம். சக்கரம் கனத்தால், அதிலும் விளிம்பில் கனத்தால், சுழற்றவே பவர் போகும். உருளும் விட்டம் கூடினால் எல்லாக் கியரும் நீண்டதுபோல் ஆகிவிடும். கம்பெனி கொடுத்த அளவிலேயே இலேசான சக்கரம் கிடைத்தால் அதுதான் சிறப்பு.

டிராக்கில் முன் டயர் காற்றை வழக்கத்தைவிட 3, 4 பிஎஸ்ஐ குறைத்து, பின் டயரை, பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவுக்குள், 40 பிஎஸ்ஐ அளவில் வையுங்கள். முன்னால் பிடிமானம் கூடும், பின்னால் உருளும் தடை குறையும். பின்புற ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால் புறப்படும்போது கார் பின்னால் உட்கார்ந்து முன்சக்கரத்தை இன்னும் இலேசாக்கும். முன்சக்கரம் டொம் டொம் என்று துள்ளினால் காலை எடுத்துவிடுங்கள், அந்தத் துள்ளலில்தான் ஆக்ஸில் ஜாயின்ட் உடையும். அதற்கு மருந்து என்ஜினுக்கு அடியில் இருக்கும் டாக்போன் மவுண்ட்டில் பாலியூரித்தேன் செருகல். விலை அதிகமில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கொஞ்சம் அதிர்வு வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பின்சக்கர இழுவைக் கார்களில் இதெல்லாம் தலைகீழ். எடை சாய்வது அங்கே நண்பன். ஃபோர்டு மஸ்டாங் தலைமுறை தலைமுறையாக அமெரிக்க டிராக் பாதைகளில் நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்கப் புத்தகங்களில் வரும் புறப்பாட்டு அறிவுரையை அப்படியே போலோவுக்குப் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

புறப்படும் முறையும் கியர்பாக்ஸைப் பொறுத்தது. ஜிடி டிஎஸ்ஐயின் ஏழு கியர் டிஎஸ்ஜியில் இருப்பது உலர் கிளட்ச், ஆயிலில் குளிராதது. இடது காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டு வலது காலால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது அதைச் சுட்டுத் தீய்க்கும் வேலை. எஸ் மோடில் வைத்து, பிரேக்கை முழுதாக விட்டு, ஒரு கணம் கார் தானாக நகரத் தொடங்கியதும் மிதியை அழுத்துங்கள். மேனுவல் கியர் உள்ள 1.0 டிஎஸ்ஐ என்றால் 2,500 ஆர்பிஎம்மில் தொடங்கி, சக்கரம் சுழன்றால் குறைத்து, என்ஜின் முனகினால் கூட்டி, உங்கள் டயருக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

நிற்பது

பவருக்கு முன்னால் பிரேக். 129 கிலோமீட்டர் வேகத்தில் முடித்த கார் 140-இல் முடித்தால், பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 18 விழுக்காடு கூடுகிறது. பெரிய டிஸ்க் தேவையில்லை. நல்ல பேட், புதிய பிரேக் ஆயில் போதும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். சென்னைக் கடற்கரை ஈரத்தில் இரண்டு மழைக்காலம் பார்த்த ஆயிலை நம்பி டிராக்குக்குப் போகாதீர்கள்.

ரீமேப்

டயரும் பிரேக்கும் ஆரோக்கியமும் சரியான பிறகு இது. டர்போ காரில் காசுக்கு ஏற்ற பலன் தருவதில் ரீமேப்பை அடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவில் பூஸ்ட், இக்னிஷன் டைமிங், எரிபொருள், டார்க் எல்லை ஆகியவற்றின் அட்டவணைகளை மாற்றி எழுதுவதுதான் அது. பாகம் எதுவும் மாற்றாத 1.2 டிஎஸ்ஐ நல்ல மேப்பில் 130 பிஎஸ்ஸைத் தாண்டும். 135 என்று வைத்து நம் சூத்திரத்தில் போட்டால் 15.7 விநாடி, 140 கிலோமீட்டர். சென்சார் ஒயரில் செருகும் ட்யூனிங் பாக்ஸ் மலிவு, கழற்றவும் எளிது. ஆனால் அது ஈசியூவுக்குப் பொய்யான எண்ணைக் காட்டி அதிக பூஸ்ட் வாங்கும் வழி. டைமிங் மீது அதற்குக் கட்டுப்பாடு கிடையாது. நான் ரீமேப்பையே பரிந்துரைப்பேன்.

ரீமேப் செய்பவரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை எப்படி ஏத்துறீங்க?" சிறிய, நேரடி எரிபொருள் பாய்ச்சல் கொண்ட டர்போ என்ஜின்களில் குறைந்த சுழற்சியில் கனத்த பாரம் விழுந்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சாதாரண நாக்கிங் அல்ல, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. 1,500-இலேயே முதுகில் குத்துவதுபோல் இழுக்கும் மேப் டெஸ்ட் டிரைவில் மனதை மயக்கும், என்ஜினுக்குக் கேடு. நல்ல ட்யூனர் டார்க்கை மெல்ல ஏற்றி, 2,500-க்கு மேல் தாராளமாகத் தருவார். நீங்களும் ஐந்தாவது கியரில் 1,500-இல் மிதியை முழுதாக மிதிக்கும் பழக்கத்தை விடுங்கள். கார் கேட்கும் தரத்தோடு ஏபிஐ எஸ்பி தரமும் எழுதிய ஆயில் போடுங்கள். இந்த ஆபத்தைக் குறைப்பது அந்தத் தரத்தின் நோக்கங்களில் ஒன்று.

மேப் ஏற்றியவுடன் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மூன்றாவது கியரில் முழு மிதியில் எடுத்த டேட்டா லாக்கைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக்கிங் காரணமாக ஈசியூ எத்தனை டிகிரி டைமிங்கைப் பின்வாங்கியது என்ற பத்தி இருக்கும். நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவில் மூன்று, நான்கு டிகிரி என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது மேப் பேராசைப்படுகிறது. ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டரைப் பாருங்கள். டைனோ காட்டும் பவர் வரைபடத்தை மாட்டிவைக்கலாம். ஆனால் ஒரு ஊர் டைனோ எண்ணை இன்னொரு ஊர் டைனோவோடு ஒப்பிடாதீர்கள். மேப்புக்கு முன், மேப்புக்குப் பின், இரண்டும் அதே இயந்திரத்தில் என்றால்தான் பொருள் உண்டு. பூஸ்ட் கூடினால் பொறி அணையக்கூடும் என்பதால் ஒரு படி குளிர்ந்த பிளக், சற்றுக் குறுகிய இடைவெளியோடு போடுவது வழக்கம்.

ஃபில்டர், எக்ஸாஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வைக்கும் திறந்த கோன் ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் அனல்காற்றை உறிஞ்சுகிறது. சத்தம் கூடும், வேகம் கூடாது. நல்ல பேனல் ஃபில்டர் போதும். டர்போவுக்குப் பின்னால் வரும் மஃப்ளரை மாற்றினால் ஒலி மாறும், விநாடி மாறாது.

வெயிலும் பெட்ரோலும்

20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் காற்று சூடானால் அதே கொள்ளளவில் 5 விழுக்காடு குறைவான காற்றுதான் இருக்கும். டர்போ அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் உள்ளே போகும் காற்று சூடாகச் சூடாக நாக்கிங் வந்து ஈசியூ டைமிங்கைப் பின்வாங்கும். ஐரோப்பாவில் எழுதிய மேப் ஏப்ரல் மாத இருங்காட்டுக்கோட்டையில் அதே எண்ணைத் தராததற்கு இதுவே காரணம். 1.2 டிஎஸ்ஐயின் இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்வது. ஓட்டத்துக்கு ஓட்டம் அந்தத் தண்ணீர் சூடேறும், தணிய நேரம் வேண்டும். வரிசையில் ஏசி போட்டபடி என்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பவர் சூடான காரோடுதான் கோட்டுக்கு வருவார். நிழலில் நிறுத்தி, பானட்டைத் திறந்துவையுங்கள். காலை முதல் ஓட்டங்களில்தான் உங்கள் நல்ல சீட்டு வரும். அதையும் பிற்பகல் சீட்டையும் ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

பெட்ரோலில் இரண்டு விஷயம். மேப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டதோ அதையே நிரப்ப வேண்டும். 95 ஆக்டேன் பெட்ரோல் பெருநகரங்களில் கிடைக்கிறது, நெடுஞ்சாலை பங்க் எல்லாவற்றிலும் கிடைக்காது. அதனால் சாலைக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என்று இரண்டு மேப் வாங்கி வையுங்கள். இரண்டாவது, எத்தனால். சுத்தமான பெட்ரோலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7, 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20-க்கு அது ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. இன்ஜெக்டரும் உயரழுத்தப் பம்பும் ஏற்கெனவே எல்லையில் ஓடும் மேப் என்றால் உச்ச சுழற்சியில் கலவை மெலிந்துபோகும். பழைய மேப்போடு ஓடும் காரை ஒரு முறை மறுபடி லாக் எடுத்துப் பாருங்கள்.

எடை

100 கிலோ குறைத்தால் நம் 105 பிஎஸ் கார் 17 விநாடியிலிருந்து 16.5-க்கு வந்துவிடும். ரீமேப்பின் பலனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், காசு செலவில்லாமல். டாங்க் கொள்ளளவு 45 லிட்டர். பத்து லிட்டரோடு போனால் 26 கிலோ மிச்சம். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான், தரைவிரிப்பு எல்லாவற்றையும் டிராக்கில் இறக்கிவிடுங்கள். சோதனை அதிகாரிகளும் உள்ளே அசையும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பார்கள். பின் இருக்கையைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம். சீட் பெல்ட், ஏர் பேக், கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றில் மட்டும் கை வைக்கவே கூடாது.

எடையின் அருமையை நம் பக்கத்தில் காட்டியவர் கோவையின் எஸ். கரிவர்தன். 1980களின் கடைசியில் மாருதியின் 796 சிசி என்ஜினை இலேசான ஒற்றை இருக்கைச் சட்டத்தில் வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். காய்கறி வாங்கப் போகும் காரின் என்ஜின் ஒரு தலைமுறைப் பந்தய ஓட்டுநர்களை வளர்த்தது. செட்டிபாளையத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

எங்கே நிறுத்துவது

ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜியின் டார்க் எல்லை 250 நியூட்டன் மீட்டர். நல்ல ரீமேப்பே அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். அதன் பிறகு பெரிய டர்போ வாங்குபவர், உடையப்போவது கியர்பாக்ஸ் என்று தெரிந்தே வாங்குகிறார். ரீமேப்போடு நிறுத்திக்கொண்ட கார் 16 விநாடிக்குள் ஓடும், தினமும் வேலைக்கும் போகும். அதற்குமேல் ஆசை இருந்தால் வேறு அடித்தளக் காரைத் தேடுவது மலிவு. மேனுவலில் முதலில் தோற்பது கிளட்ச். உயர் கியரில் 2,500-இல் முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகமானி அசையாமல் டாக்கோமீட்டர் முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது.

வேகம் கூடக் கூடப் பாதுகாப்பின் கணக்கும் மாறும். அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய என்ஹெச்ஆர்ஏ அமைப்பின் விதிகளில், 13.99 விநாடிக்குள் ஓடும் காருக்கு ஹெல்மெட் கட்டாயம். பொதுவாக 11.49-க்குள் ரோல் பார், 9.99-க்குள் முழு ரோல் கேஜ். நம் போட்டிகளில் எந்த நேரத்தில் ஓடினாலும் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும், அதில் விலை பார்க்காதீர்கள். ஆனால் சாலையில் ஓடும் காரில் ரோல் கேஜ் வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலை, சிறு மோதலில்கூட அந்த இரும்புக் குழாயில் போய் இடிக்கும்.

அன்று மாலை

ஓட்டங்கள் முடிந்ததும் என்ஜினை உடனே அணைக்காமல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி டர்போவைத் தணியவிடுங்கள். நிறுத்தியபின் ஆண்ட்ராய்டு போனில் படம் எடுத்து வைத்த சீட்டுகளோடு, வெயில், காற்றழுத்தம், பெட்ரோல், புறப்பட்ட சுழற்சி எல்லாவற்றையும் அன்றே நோட்டில் எழுதுங்கள், மறுநாள் மறந்துவிடும். முன்சக்கரத்தைத் திருப்பி, ஆக்ஸில் ரப்பர் பூட்டில் கிழிசலோ கிரீஸ் தெறிப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் ட்ரெய்லர் சொல்லுங்கள், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். சாலை மேப்பை ஏற்றி, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் திரும்ப வைத்து, நான்கு டயர் காற்றையும் கார் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத் திருப்பிய பிறகே கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறுங்கள். 40 பிஎஸ்ஐ பின் டயரோடு மழையில் பிரேக் அடித்தால் காரின் பின்புறம் முன்னால் வந்துவிடும்.